உப்புக் காற்றில் குட்டி யானை: பழைய டாடா ஏஸை வீட்டு முற்றத்தில் புதுப்பித்து ஓட்டிய அனுபவம்

பழைய டாடா ஏஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் புகையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஆனால் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்த ராமநாதபுரம் கரையில் குட்டி யானையைச் சாகடிப்பது இன்ஜின் இல்லை. சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் சொட்டிச் சொட்டி இறங்குகிற மீன் தண்ணீர்தான். உப்புக் காற்று கேபினையும் கதவையும் மெல்லத் தின்னும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீரோ சேஸின் பின்பாதி, ஸ்பிரிங், பிரேக் பைப் எல்லாவற்றையும் சேர்த்து வேகமாகத் தின்னும். பரமக்குடி பக்கம் கரி மூட்டையும் மிளகாய் மூட்டையும் ஏற்றி ஓடிய வண்டியும், பாம்பனில் மீன் ஏற்றிய வண்டியும் ஒரே வருட மாடலாக இருந்தாலும் ஒரே விலைக்குரியவை இல்லை.

2005 மே மாதம் வந்த முதல் தலைமுறை ஏஸில் இருப்பது 702 சிசி, இரண்டு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் இன்ஜின். இண்டிகாவின் 1405 சிசி நாலு சிலிண்டர் இன்ஜினைப் பாதியாக்கியது மாதிரி. 16 குதிரைத்திறன், நாலு கியர், 12 இஞ்ச் வீல், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இன்ஜின் சீட்டுக்கு அடியில். வீட்டில் பிரித்து மாட்ட இதைவிடச் சுலபமான டீசல் வண்டி கிடைப்பது கஷ்டம். உதிரி பாகம் ராமநாதபுரத்தில் இல்லாவிட்டால் மதுரையில் கிடைக்கும்.

வாங்கும் முன் அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னச் சுத்தியல் போதும். பின் ஸ்பிரிங் ஷேக்கில் (ஸ்பிரிங் முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) சேஸில் மாட்டும் இடம், கடைசி குறுக்குச் சட்டம், பேட்டரி தட்டு, மிதியடிக்குக் கீழே கேபின் தரை, கதவின் அடி மடிப்பு, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள்: இங்கெல்லாம் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே அடை துரு. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் இறங்குகிறதா பாருங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்காகப் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த சேஸ் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். கேபின் தரை ஓட்டையை ஒரு நாளில் அடைக்கலாம். ஷேக்கில் மாட்டும் இடத்தில் சேஸ் மெலிந்துவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுவதே மேல்.

வேலைக்கு நல்ல காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வண்டிக்கும் சவாரி குறைவு. அதற்குப் பிறகு கச்சான் (தென்மேற்குக்) காற்று வலுத்தால் மணல் பறக்கும், பெயிண்ட் வேலை நடக்காது. வாடைக் காலத்தில் காலையில் தகரமெல்லாம் நனைந்து கிடக்கும். அந்த ஈரத்தின் மேல் அடித்த பிரைமர் தோலாக உரிந்து வரும்.

தொட்டியைக் கழற்றாமல் சேஸ் வேலை செய்வது வீண். சேஸோடு பிடிக்கும் போல்ட் பெரும்பாலும் துருவில் இறுகியிருக்கும். சூடு காட்டிப் போராடுவதைவிட கிரைண்டரில் அறுத்துப் புது போல்ட் போடுவது வேகம். டீசல் டேங்க், பேட்டரி, பிரேக் பைப், ஒயரிங் எல்லாவற்றையும் இறக்கிவிட்டே கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

பிறகு கழுவல். இந்த ஊரில் வேலை கெடுவது இங்கேதான். கரையோர போர் தண்ணீர் உவர். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பை நாமே திரும்பப் பூசுகிறோம். ஆர்.ஓ. பிளாண்டில் வெளியே விடும் கழிவுத் தண்ணீர் சும்மா கிடைக்கிறதே என்று பிடித்து வருபவர்கள் உண்டு. அதில் உப்பு மூலத் தண்ணீரைவிட அதிகம், தொடவே கூடாது. சேறு, கிரீஸ் போக முதல் கழுவலுக்குப் போர் தண்ணீர் பரவாயில்லை. கடைசி இரண்டு அலசல் மட்டும் காவிரிக் குடிநீரிலோ சேமித்த மழைத் தண்ணீரிலோ இருக்கட்டும். கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்குக் கீழே இருந்தால் போதும். வயலுக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி அதில் அடித்தால் மூன்று நிரப்பில் சேஸ் முழுக்க அலசிவிடலாம்.

வயர் கப் போட்டு கிரைண்டரில் துருவைச் சுரண்டினால் மேலே பளபளப்பாகும், பள்ளத்துக்குள் உப்பு அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மொத்தமாக லேசான பழுப்பு என்றால் அது ஈரக் காற்றின் வேலை. புள்ளி புள்ளியாகக் கருஞ்சிவப்பு என்றால் அந்தப் புள்ளிகளில் உப்பு பாக்கி. மறுபடி நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்து அலச வேண்டும். புள்ளி வராத வரைக்கும் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி நல்லதுதான், ஆனால் அது துருவைத் தின்னுமே தவிர உப்பைத் தின்னாது. அதையும் அடித்த பிறகு அலசியாக வேண்டும்.

வெல்டிங்குக்கு 0.8 மி.மீ. கம்பியோடு மிக் மெஷின் (கேஸ் பாய்ச்சிக் கம்பியைத் தானே ஊட்டுவது) கிடைத்தால் நல்லது. கேபின் தரைக்கு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ., சி.ஆர். (குளிர் உருட்டு) ஷீட், கதவு மாதிரி தோல் பகுதிக்கு 20 கேஜ். ராடு வெல்டிங்கில் மெல்லிய தகடு ஓட்டை விழும், பழகின கையால் மட்டும் முடியும். கடற்காற்றில் மிக் அடித்தால் கேஸ் பறந்து வெல்டு தேன்கூடாகிவிடும், ஆகவே மூன்று பக்கமும் படுதா கட்டிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த தகட்டின் மேலேயே புதுத் தகடு ஒட்டுவதுதான் ஊர் வழக்கம். இரண்டு தகட்டுக்கும் நடுவில் உப்பு அடைபட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள் இரண்டும் சேர்ந்து போகும். வெட்டி எடுத்துவிட்டு நல்ல விளிம்போடு சேர்க்க வேண்டும். வடிகால் ஓட்டை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் திரும்பப் போடுங்கள். பெயிண்டரும் டிங்கரிங்காரரும் அவற்றை பட்டி வைத்து மூடிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெட் ஆக்சைடு அடித்து மேலே கறுப்பு எனாமல் என்பது உள்ளூர் கணக்கு. மலிவுதான், இங்கே ஒரு வருடம் தாங்கினால் பெரிது. ஹார்டனர் தனியாக வரும் டூ பேக் எபாக்சி பிரைமர் (ஜிங்க் பாஸ்பேட்) இரண்டு கோட், மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) கறுப்பு இரண்டு கோட் என்பதுதான் நின்றிருக்கிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே டப்பாவில் போட்ட நேர இடைவெளியைத் தாண்டினால் லேசாக உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்தது. இடையில் ஒரு ராத்திரி போனால் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைக்கவும், காற்று அதற்குள் உப்பைப் படிய விட்டிருக்கும். பி.யூ. பெயிண்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. ஸ்ப்ரே அடிப்பவர் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும். பிரஷில் அடித்தாலும் சேஸுக்கு ஒன்றும் குறைவில்லை. மூடிய சட்டங்களுக்குள் கேவிட்டி வேக்ஸ் (உட்குழியில் படியும் மெழுகு) ஸ்ப்ரே போகட்டும். கழிவு ஆயிலைப் பூசுவது துருவை ஓரளவு தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் ரப்பர் புஷ் ஊறிப்போகும், பிரேக் டிரம் பக்கம் வழிந்தால் ஆபத்து.

மாற்றி அமைத்தவற்றில் காசுக்குத் தகுந்த பலன் தந்தது தொட்டிக்குள் வைக்கும் ஃபைபர் தட்டு. மீன் வண்டியின் தொட்டித் தரையில் அலுமினிய செக்கர் ஷீட் ரிவிட் அடிப்பதும், எவர்சில்வர் ஷீட் போல்ட் போடுவதும் பார்க்க அழகு. இரும்பு, அலுமினியம், உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகி ரிவிட் கழன்றுவிடும். எவர்சில்வர் என்றால் போல்ட்டைச் சுற்றியுள்ள இரும்புத் தரை கரையும். ஃபைபரை இரும்பின் மேலேயே நேராக ஒட்டுவதும் வேண்டாம். ரெசின் இரும்போடு நீண்ட நாள் பிடித்திருக்காது. ஓரத்தில் மயிரிழை விரிந்தால் உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது.

எனவே தனியாகக் கழற்றி எடுக்கும் தட்டாகச் செய்ய வேண்டும். படகு கட்டும் ஃபைபர் பட்டறை ஆட்கள் கரை முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கு இது அரை நாள் வேலை. தொட்டி உள்ளளவு சுமார் 2200 க்கு 1490 மி.மீ. தட்டு எல்லாப் பக்கமும் 10 மி.மீ. குறைவாக, விளிம்பு 100 மி.மீ. உயரம். விளிம்பை அதற்கு மேல் ஏற்றினால் பக்கக் கதவைத் திறந்து பெட்டி ஏற்ற முடியாது. பிளைவுட் அச்சில் வேக்ஸ் தேய்த்து, முதலில் ஜெல்கோட் (மேற்பூச்சு ரெசின்), பிறகு சதுர மீட்டருக்கு 450 கிராம் சாப்டு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) நாலு அடுக்கு. ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. கனம் தரும். மேட் வெட்டுச் சேதாரத்தோடு 8 கிலோ, ரெசின் 17 கிலோ, ஜெல்கோட் 2 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். ஐசோ (ஐசோப்தாலிக்) ரெசின் விலை கூடுதல், உப்புக்கு அதுதான் தாங்கும்.

நம் வெயிலில் ஹார்டனர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 12 மி.லி. போதும். 20 மி.லி. ஊற்றினால் வாளியிலேயே கெட்டியாகிப் புகை கிளம்பும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, தீப்பற்றும். கோபால்ட் முதலில் ரெசினில் கலந்து தீர்ந்த பிறகே ஹார்டனர். உருளையால் காற்றுக் குமிழியை ஓட்டி எடுப்பதில்தான் வேலையின் தரம். மேட் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் ரெசின் ஏறாத இடம்.

தட்டின் பின் மூலையில் வடிகால் வைத்து, 25 மி.மீ. ஹோஸில் ஒரு பழைய 20 லிட்டர் கேனுக்குள் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஆக்சில் மேலும் விழாது, ரோட்டிலும் சிந்தாது. பாம்பன் பாலத்தில் பின்னால் வரும் பைக்காரர்கள் வாழ்த்துவார்கள். தட்டுக்கு அடியில் ரப்பர் பட்டை நாலைந்து நீளவாக்கில் போட்டால் காற்று ஓடும். மாதம் ஒரு முறையாவது தூக்கி அடியைக் கழுவ வேண்டும், இரண்டு ஆள் இருந்தால் சிரமமில்லை.

ஸ்பிரிங் கட்டைப் பிரிக்கும்போது பட்டைகளுக்கு நடுவே துரு உப்பி இடைவெளி விட்டிருக்கும். பிரித்து, தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் போட்டு, யு போல்ட்டை மட்டும் கண்டிப்பாகப் புதிதாக மாற்றவும். கூடுதலாக ஒரு பட்டை போட்டால் அதிகம் ஏற்றலாம் என்பார்கள். வெறும் வண்டி குதிக்கும், ஷேக்கில் பக்கம் சேஸ் வெடிக்கும். முக்கால் டன் வண்டிக்கு முக்கால் டன்தான்.

பிரேக்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மீன் வண்டியில் முதலில் இறுகுவது பின் வீல் சிலிண்டர். மேலே ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்பு மாவு படிந்திருக்கும். அதை உப்புத்தாள் தேய்த்து மாட்டுவது ஒரு மாதத் தீர்வு, புதிதே போடுங்கள். இரும்பு பிரேக் பைப்புக்குப் பதில் 4.75 மி.மீ. செம்பு நிக்கல் கலந்த பைப் போடலாம், துருவே பிடிக்காது. ஏசி வேலைக்கு வரும் வெறும் செம்புப் பைப் கூடாது, இந்த இரட்டைச் சிலிண்டர் ஆட்டத்தில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். பைப் முனை டபுள் ஃப்ளேர் (இரண்டு மடிப்பாக விரித்தது) ஆக இருக்கட்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பண்டம், இங்கே வருடம் ஒரு முறை மாற்றுவதே நல்லது. பிரேக் லைனில் காற்று எடுப்பதை இடது பின் சக்கரத்தில் தொடங்கவும்.

ஒயரிங்கில் பச்சை பூத்த கனெக்டரைச் சுரண்டிப் பயனில்லை. படகுக்குப் போடும் ஈயம் பூசிய செம்பு ஒயர், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டால் தலைவலி விட்டது. ஸ்டார்ட் ஆகத் திணறினால் பேட்டரியைத் திட்டும் முன், ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் எர்த் பட்டைதான் குற்றவாளி.

இன்ஜின் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில் முதல் செலவு அதுதான், அறுந்தால் வால்வும் போகும். ரேடியேட்டர் முன்பக்கத் தகடுகளை விரலால் தேய்த்துப் பாருங்கள், பொடியாக உதிர்ந்தால் கோர் மாற்றவும். கூலண்டுக்கு டிஸ்டில்டு வாட்டர், போர் தண்ணீர் அல்ல. சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் வேண்டாம். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரைப் பத்து நாளுக்கு ஒரு தடவை திறந்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள அமைப்பை மாற்றினால் அனுமதி வேண்டும். நிறம் மாற்றினாலும் பதிவில் ஏற்ற வேண்டும். தொட்டியை நீட்டினாலோ உயர்த்தினாலோ எஃப்.சி.யில் நிற்கும். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம். கழற்றி எடுக்கும் ஃபைபர் தட்டு சரக்கோடு சரக்காகப் போய்விடும். எஃப்.சி. அன்று வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனால் கேள்வியே இல்லை.

ஓடிய பிறகு முதலில் திரும்பத் துரு எட்டிப் பார்த்தது போல்ட் தலைகளிலும், ஜாக்கி வைக்கும் இடத்திலும், முன் சக்கரம் கல்லடிக்கும் கேபின் அடியிலும்தான். தனுஷ்கோடி கடைசியில் உள்ள அரிச்சல்முனை பக்கம் அடிக்கடி போகிற வண்டியில் முன் பம்பரும் ஹெட்லைட் ஓரமும் மணலடித்து நிறம் மங்கும். ஒரு சின்ன டப்பா எபாக்சியும் பிரஷும் வண்டியிலேயே கிடக்கட்டும். பழுப்புப் புள்ளி தெரிந்த வாரமே சுரண்டி, அலசி, தொட்டு வைத்தால் தொட்டியை மறுபடி இறக்கும் வேலை பல வருடம் தள்ளிப்போகும்.