விக்கிரவாண்டி தாண்டினால் மரத்துப்போகும் கை: ஆறு வருட அனுபவம்

தாம்பரத்திலிருந்து கோவில்பட்டிக்கு வருடத்துக்கு நாலைந்து முறை பைக்கில்தான் போகிறேன். ஒரு வழிக்கு 530, 540 கிலோமீட்டர் வரும். வண்டி ஒற்றை சிலிண்டர், 350 சிசி. ஆறு வருடத்தில் 52,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் முதல் மூன்று வருடம் என் வலது கை விக்கிரவாண்டி வரைக்கும்தான் என்னுடையது. அதற்கப்புறம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மதமதவென்று ஆகிவிடும். ஒருமுறை டீக்கடையில் சட்டைப்பைக்குள் கிடந்த நாணயத்தைப் பிடித்து எடுக்க முடியாமல் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

முதலில் வாங்கியது கிரிப் மேல் மாட்டும் ஃபோம் உறை. ஐம்பது கிலோமீட்டருக்குச் சொகுசாகத்தான் இருந்தது. ஆனால் கிரிப் தடித்துவிட்டதால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. உளுந்தூர்பேட்டை பக்கம் ஒரு மழையில் உறை ஊறி, ஆக்ஸிலேட்டர் மேல் தனியாகச் சுற்ற ஆரம்பித்தது. கையைத் திருப்புகிறேன், வண்டி வேகம் எடுக்கவில்லை. அன்றே கழற்றிப் பைக்குள் போட்டேன்.

அடுத்தது ஹேண்டில்பார் முனையில் மாட்டும் கனமான இரும்பு வெயிட். இது உண்மையிலேயே வேலை செய்தது. எந்த ஹேண்டில்பாருக்கும் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் அதிர்வு உச்சத்துக்குப் போகும். முனையில் எடை கூடினால் அந்த உச்சம் இன்னும் குறைந்த வேகத்துக்கு இறங்கும். என் வண்டியில் மணிக்கு 85, 90 கிலோமீட்டரில் இருந்த நடுக்கம் 70-க்குப் பக்கம் வந்துவிட்டது. நான் நெடுஞ்சாலையில் 70-ல் நிற்பதில்லை, அதனால் லாபம். 70-லேயே ஓட்டுகிறவருக்கு இதே வெயிட் நஷ்டமாகவும் முடியலாம். மிரரில் பின்னால் வரும் லாரி தெளிவாகத் தெரிந்தது, ஆனாலும் விரல் மரத்தது.

பெரம்பலூரில் பஞ்சர் ஒட்ட நின்றபோதுதான் விஷயம் பிடிபட்டது. வயதான மெக்கானிக், நான் வண்டியில் உட்கார்ந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, மணிக்கட்டு ஏன் இப்படி மடங்கியிருக்கு?” என்றார். பிரேக், கிளட்ச் லீவர் இரண்டும் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருந்தன. விரலை லீவர் மேல் வைக்க வேண்டுமென்றால் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கித்தான் ஆக வேண்டும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைக் கீழே சாய்த்து முடுக்கினார். ஐந்து நிமிட வேலை. காசு வாங்கவில்லை. வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிஸ்க் பிரேக் வண்டியில் ஆயில் டப்பாவும் லீவரோடு சேர்ந்து சாயும், அதனால் அளவோடு நிறுத்துங்கள். மிரரையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

அன்று திருச்சி தாண்டி மதுரை வரை விரலில் உயிர் இருந்தது. மூன்று வருடமாக நான் கையை ஊன்றியே ஓட்டியிருக்கிறேன் என்பதும் புரிந்தது. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு, உள்ளங்கையின் அடிப்பகுதியில் அந்த விரல் பக்கமாகத்தான் போகிறது. உடம்பின் பாரத்தை அங்கே வைத்து மணிக்கணக்கில் அமுக்கினால் அது சும்மா இருக்குமா? இப்போது முழங்காலால் டேங்க்கைப் பிடித்துக்கொள்கிறேன், முழங்கையைத் தளர விடுகிறேன். பழக்கமாக இரண்டு மாதம் ஆனது. டோல்கேட்டில் இருசக்கர வண்டி போகும் ஓரப் பாதையில் வேகம் குறையும்போது ஒவ்வொரு கையாக உதறிக்கொள்வேன். 80 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தம், பசி இல்லாவிட்டாலும்.

கிளவுஸில் நான் செய்த தப்பு, இறுக்கமாக வாங்கியது. உள்ளங்கையில் ஓடிய தையல் நேராக நரம்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு சைஸ் பெரிதாக, அந்த இடத்தில் மெத்தென்று பேட் வைத்ததை வாங்கியபின் சரியாயிற்று. ஆக்ஸிலேட்டரில் மாட்டி உள்ளங்கையால் அமுக்கும் பிளாஸ்டிக் தகடு நெடுஞ்சாலையில் அருமை. ஆனால் பெருங்களத்தூர் நெரிசலில் பிரேக் பிடிக்கப் போய்த் தெரியாமல் அதை அமுக்கி, முன்னால் நின்ற ஆட்டோவை உரசினேன். ஊருக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள்.

இடது கை வேறு கதை. அதில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரக்கும். அதுவும் ஓட்டும்போது அல்ல, ராத்திரி தூக்கத்தில். அது மணிக்கட்டின் நடுவே போகும் வேறொரு நரம்பு. தினமும் நெரிசலில் கிளட்ச் பிடித்ததன் பலன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரிடம் போனேன், நரம்புச் சோதனை எடுத்து, இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போடச் சொன்னார். ஆறு வாரத்தில் குறைந்தது. கிளட்ச் கேபிளும் புதிதாகப் போட்டேன், பழையது கல்லாக இருந்தது. வண்டியை விட்டு இறங்கி மறுநாள் வரை மரப்பு போகவில்லை, பிடி தளர்கிறது, பாத்திரம் நழுவுகிறது என்றால் கிளவுஸ் தேடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொன்று: எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட் ஒன்று தளர்ந்திருந்ததை நான் வழக்கமாக விடும் சர்வீஸில் இரண்டு முறை கவனிக்கவில்லை. கால் வைக்கும் கட்டையிலும் திடீரென்று நடுக்கம் கூடினால் முதலில் அதைப் பாருங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது விரலில் லேசான விறுவிறுப்பு மட்டும், அதுவும் சாத்தூர் பக்கம்தான். அந்த ஃபோம் உறைகளில் ஒன்றை அப்பா மண்வெட்டிக் காம்பில் மாட்டியிருக்கிறார். அவருக்கு நன்றாக இருக்கிறதாம்.