மட்டக்களப்புக் கோட்டையில ராத்திரி ரெக்கோடிங்: அனுமதிக்கு 5க்கு 3

1628இல போர்த்துக்கேயர் கட்டி, 1638இல ஒல்லாந்தர் பிடிச்ச கோட்டை. பகல்ல சுத்திப் பார்க்கிறது லேசு. இரவில ரெக்கோடரோட இருக்கோணுமெண்டா கடிதம், அடையாள அட்டைக் கொப்பி, ஆக்கள்ட பேர், சாமான் விபரம் எல்லாம் கேக்கிறாங்க. "பேய் ஆராய்ச்சி" எண்ட தலைப்பைப் பார்த்து கிளாக்கர் அக்காவுக்குச் சிரிப்பு அடங்கல்ல. "மனே, ஒலிப்பதிவு எண்டு மாத்தி எழுதிட்டு வாங்க" எண்டா. அந்த 3 புள்ளியும் அவவுக்குத்தான். அடுத்த மேசையில ஒரே இழுத்தடிப்பு, ஐயா லீவாம். மண்ணைக் கிண்ட நினைச்சா தொல்பொருள் திணைக்கள உரிமம் வேணும், ட்ரோனுக்கு வேற அனுமதி. போறாக்கள் நுளம்புத்திரி கொண்டுபோங்க, ரெண்டு பக்கமும் வாவி. பேயைவிட அதுதான் கடிக்கும்.