ஏர் பிளான்ட் செட்: செடிக்கு நாலு நட்சத்திரம், கண்ணாடி உருண்டைக்கு ஒன்றுகூட அதிகம்

மண்ணே இல்லாமல் வளரும் ஏர் பிளான்ட் மூன்று, தொங்கவிட ஒரு கண்ணாடி உருண்டை, கைக்கு அடக்கமான ஸ்பிரே பாட்டில், ஒரு பொட்டலம் உரம், கூடவே ஒரு பராமரிப்பு அட்டை. ஆன்லைனில் வாங்கிய செட்டில் இவ்வளவும் வந்தன. செடிகள் அருமை. அட்டையை மட்டும் நம்பி வளர்த்தால் அந்த அருமை ரொம்ப நாள் நிற்காது.

முதலில் செடிகளைப் பற்றி. மூன்றுமே டில்லான்சியா, அதாவது அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு குட்டி அயோனந்தா, பாம்பு பாம்பாக நெளியும் கபுட் மெடுசே, வெள்ளி நிறத்தில் இலை சுருண்ட செரோகிராஃபிகா. ஈரமில்லாத காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது, கறுப்பு இல்லை. நடு இலையை லேசாக இழுத்தேன், கையோடு வரவில்லை. ஏர் பிளான்ட் எங்கே வாங்கினாலும் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். செரோகிராஃபிகா, காட்டுச் செடிகள், விலங்குகளின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கும் இனம். காட்டில் பறித்ததல்ல, நர்சரியில் வளர்த்தது என்று விற்பவர் தெளிவாகப் போட்டிருந்தார். அதற்கு ஒரு சபாஷ்.

இனி அந்த அட்டை. 'தண்ணீரே தேவையில்லை, வாரம் இருமுறை ஸ்பிரே செய்தால் போதும்' என்கிறது. காற்றை மட்டும் குடித்து எந்தச் செடியும் வாழாது! இதற்கு வேர் இருப்பது பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீர் குடிப்பதெல்லாம் இலைமேல் படர்ந்திருக்கும் நுண்ணிய செதில்கள். காய்ந்த அயோனந்தா சாம்பல் பூத்தாற்போல இருக்கும். தண்ணீரில் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்தச் சாம்பல் மறைந்து பச்சை தெரியும். செதில்கள் நனைந்துவிட்டன என்று அர்த்தம். கூட வந்த பாட்டிலால் எவ்வளவு அடித்தாலும் அங்கங்கே பச்சைப் புள்ளிதான் விழுகிறது, அதுவும் ஃபேன் காற்றில் உடனே காய்ந்துவிடுகிறது. ரொம்ப ஈரப்பதமான இடமென்றால் ஸ்பிரே ஓரளவு கைகொடுக்கலாம். ஏசி அறைக்குச் சரிப்படாது.

நான் செய்வது இதுதான். வாரம் ஒருமுறை, காலையில், அகலமான பாத்திரத்தில் அயோனந்தாவை இருபது முப்பது நிமிடம் ஊறப்போடுகிறேன். வெயில் கடுமையாகி இலை உட்புறமாகச் சுருள ஆரம்பித்தால் இன்னொரு முறை. மெடுசேக்கு அடிப்பகுதி குமிழ் மாதிரி உப்பி, உள்ளே இடைவெளியோடு இருக்கும். தண்ணீர் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும் என்பதால் அதை முக்கி எடுப்பதோடு சரி. செரோகிராஃபிகாவுக்கும் அப்படியே. அப்புறம் முக்கியமான வேலை: தலைகீழாகப் பிடித்து நன்றாக உதற வேண்டும், குளித்துவிட்டுத் தலையைக் கவிழ்த்து முடியை உதறுவது மாதிரி. உதறிய பிறகும் இலை இடுக்கிலிருந்து சொட்டும். கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்தால் நாலு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். காயவில்லையென்றால் அடி அழுகும்.

ஏன் காலையில்? இந்தச் செடிகள் இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுக்கும். ராத்திரி இலைமேல் தண்ணீர்ப் படலம் இருந்தால் அந்த வேலை கெடும். அட்டையில் 'படுக்கைக்கு முன் ஸ்பிரே செய்யவும்' என்று எழுதியது யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கண்ணாடி உருண்டை பார்க்க அழகு. ஆனால் ஒரே ஒரு ஓட்டை, உள்ளே காற்றோட்டம் கிடையாது. ஈரச் செடியை அதில் வைப்பதும் மூடி போட்டு வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜன்னல் வெயில் நேராகப் பட்டால் உள்ளே வெந்துவிடும். செரோகிராஃபிகாவோ இலையை மடக்காமல் ஓட்டைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. படத்தில் மட்டும் எப்படி நுழைத்தார்களோ.

உரம் பரவாயில்லை. தாமிரம் இல்லை என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்குத் தாமிரம் ஆகாது. நைட்ரஜனும் பெரும்பாலும் யூரியாவாக இல்லை. மண் இல்லாத செடிக்கு யூரியாவை உடைத்துத் தர மண்ணின் பாக்டீரியாக்கள் கிடையாதே. சொன்ன அளவில் கால்வாசி, மாதம் ஒருமுறை, ஊறவைக்கும் தண்ணீரில் கலக்கிறேன்.

அயோனந்தா பூத்துவிட்டது. நடு இலைகள் சிவந்து, உள்ளிருந்து மெல்லிய ஊதாக் குழாய்கள் நீண்டு, அவற்றின் நுனியில் மஞ்சள் மகரந்தம். அட்டை 'ஆண்டுதோறும் பூக்கும்' என்கிறது. இல்லை, ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். பிறகு அடியில் குட்டிகள் விட்டு, தாய்ச்செடி மெதுவாக வாடும். இது தெரியாதவர்கள் செடி செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். குட்டி தாயில் பாதி அளவு வந்ததும் பிரிக்கலாம், பிரிக்காமல் விட்டால் கொத்தாக வளரும். நான் பிரிக்கவில்லை.

அதே கடையில் செடியும் உரமும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அப்படியே வாங்குங்கள். பரிசாகக் கொடுக்க செட்டேதான் வேண்டுமென்றால், அட்டையை எடுத்துவிட்டு ஊறவைக்கும் முறையை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொடுங்கள்.