புதிய மோரிஸ் மைனர் 1000 கிட்: அளவு சரி, முகம்தான் சரியில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1/24 ஸ்கேலில், அதாவது நிஜத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில், புதிதாக வந்திருக்கும் இந்த மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய இங்கிலாந்துக் காரின் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கலாம், ஆனால் பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி முடித்தால் கிடைப்பது மைனரின் சாயலில் ஒரு காடி (கார்), அவ்வளவுதான். எங்கே தவறியிருக்கிறார்கள், எதை நாமே சரிசெய்யலாம், எதை விட்டுவிட வேண்டியதுதான் என்று பார்ப்போம். மலேசியாவில், ஈப்போவில் வாங்கினேன், இருநூறு வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் குறைவு.

ஒரு பொம்மைக் காடிக்கு இவ்வளவு பிடிவாதமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர்களுக்கு மைனரின் முகம் மனப்பாடம். சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் தொரை (தோட்ட மேனேஜர்) வேறு பெரிய காடியில் வருவார், ஆனால் கிராணி (எழுத்தர்), டிரெஸ்ஸர் (தோட்ட மருந்தகக்காரர்), தமிழ்ப்பள்ளி வாத்தியார் என்று மாதச் சம்பளக்காரர்கள் காசு சேர்த்து வாங்கிய காடிகளில் மைனருக்குத்தான் தனி மரியாதை. பால்மரம் போய் செம்பனை வந்தது, லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு ஆட்கள் டவுன் பக்கம் வந்துவிட்டார்கள், ஆனாலும் சில வீட்டு முன்னால் அந்தக் காடி இன்னும் நிற்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் 1959ஆம் வருஷத்து நாலு கதவு மைனரை இன்னும் பசாருக்கு ஓட்டிப் போகிறார். அவருடைய காடியை டேப் வைத்தும் கிட்டைக் காலிப்பர் வைத்தும் அளந்துதான் இதை எழுதுகிறேன்.

மொத்த அளவில் குறையே இல்லை. நிஜக் காடியின் நீளம் 3760 மில்லிமீட்டர், அகலம் 1549, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2184. இருபத்துநான்கால் வகுத்தால் 156.7, 64.5, 91. கிட்டில் இந்த மூன்றும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிடுகின்றன, கூரையின் வளைவும் பின் கண்ணாடியின் அகலமும் பக்கத்திலிருந்து பார்க்க அருமை. இணையத்தில் படம் போடுகிறவர்கள் பாதிப்பேர் பக்கவாட்டுப் படம்தான் போடுகிறார்கள், அதனால்தான் எல்லாரும் ஆகா என்கிறார்கள்.

முன்னால் வந்து நின்று பாருங்கள். பானெட்டில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் காடியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், எல்லாம் முடிகிற கட்டத்தில் காடி ரொம்ப ஒடுக்கமாக இருக்கிறதே என்று மாதிரிக் காடியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்திருக்கிறார். நாலு அங்குலத்தில் சரிவந்தது. 1948இல் விற்பனைக்கு வந்த மைனர்களின் பானெட் நடுவில் மூக்கிலிருந்து கண்ணாடி அடிவரை ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அது அந்த நாலு அங்குலம்தான். அதற்குள் பம்பர்களைச் செய்துவிட்டிருந்ததால் அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தார்கள், ஆரம்பக் காடிகளில் அந்த ஒட்டு வெளியே தெரியும். மோரிஸ் கம்பெனியின் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் காடியைப் பிடிக்கவே இல்லை, தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை என்று திட்டினாராம். முட்டை வடிவம்தான், மறுக்கவில்லை, ஆனால் அந்தத் தட்டைப் பட்டைதான் அதற்கு ஒரு நிமிர்வைக் கொடுத்தது.

நாலு அங்குலம் இந்த ஸ்கேலில் நாலு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கிட்டில் மூன்றுகூட இல்லை. அதோடு பட்டையின் இரண்டு ஓரமும் கூர்மையாக நிற்காமல் மழுங்கி வளைவோடு கலந்துவிடுகிறது, பெயிண்ட் மேலே ஏறியதும் பட்டை இருந்த இடமே தெரியாது. மொத்த அகலம் சரியாக இருந்தும் முகம் ஒடுங்கித் தெரிவதற்குக் காரணம் இதுதான். இசிகோனிஸ் அறுத்துச் சேர்த்ததை இவர்கள் திரும்ப எடுத்துவிட்டார்கள். வாத்தியாரிடம் காட்டியபோது நான் எதையும் சொல்லவில்லை, கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “தம்பி, பின்னால பாத்தா நம்ம காடி, முன்னால பாத்தா யாரோ.”

இதைச் சரிசெய்யலாம். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் 4.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, பானெட்டின் நடுக்கோட்டில் ஒட்டி, காய்ந்த பிறகு மூக்குப் பக்கம் மட்டும் புட்டி போட்டு இழையுங்கள். ஓரத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பிரைமர் அடித்துச் சாய்வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு கோடும் நேராக ஓட வேண்டும். ஹெட்லைட்டும் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கிறது, வளையமும் சின்னது, அதனால் காடி தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற மட்கார்டையே அறுக்க வேண்டும், நான் விட்டுவிட்டேன்.

டயர் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம். மைனரின் டயர் ஒல்லி, அகலம் ஐந்து அங்குலம்தான், இந்த ஸ்கேலில் ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கிட்டில் வரும் ரப்பர் டயர் ஏழு. வேறு ஏதோ புதுக் காடியின் கிட்டுக்கு வார்த்ததை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. உயரமும் குறைவு, அதனால் காடி தரையோடு படுக்கிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காடி அப்படி நிற்காது, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி தெரியும். நல்லவேளையாக ரிம் அளவு சரி, பதினாலு அங்குலத்துக்கு உரிய 14.8 வருகிறது, ஆகவே ஒல்லி டயர் தனியாகக் கிடைத்தால் மாற்றிவிடலாம்.

அடுத்தது வருஷக் குழப்பம். பெட்டியின் மேல் 1956 என்று போட்டிருக்கிறது, அது 1000 வந்த வருஷம்தான், நடுவில் கம்பி இல்லாத ஒரே வளைந்த முன் கண்ணாடியும் 948 சிசி இன்ஜினும் அப்போது வந்தவை. கதவுத் தூணில் சிக்னலுக்காக வெளியே நீளும் சின்னக் கைக்கு ஒரு பள்ளம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் சரி, அந்தக் கை 1961 வரை இருந்தது. ஆனால் முன்னால் பெரிய சிக்னல் விளக்கும், ஒரே திசையில் சாயும் வைப்பர்களும் கொடுத்திருக்கிறார்களே, அவை 1963 கடைசியில் வந்தவை. பழைய மைனரில் இரண்டு வைப்பரும் எதிரெதிராக ஓடும். இரண்டு காலத்துச் சாமானும் ஒரே காடியில் இருக்க வழியில்லை. சுலபமான வழி, தூணில் உள்ள பள்ளத்தைப் புட்டியால் மூடி, அதை 1964 காடியாக முடித்துவிடுவது. பழைய காடிதான் வேண்டும் என்பவர்கள் வைப்பரைத் திருப்பி ஒட்டி, விளக்கைச் சின்னதாகச் செய்துகொள்ள வேண்டும், அது இரண்டு ராத்திரி வேலை. கிரில் பட்டைக்குக் குரோம் போட்டிருப்பதும் தப்பு, 1000இன் கிரில் பட்டைகளுக்குப் பெயிண்ட்தான்.

இவ்வளவு குறை சொன்னேனே, இன்ஜின் அறையைத் திறந்தால் மனசு நிறைந்துவிடுகிறது. மைனரை முதலில் திட்டமிட்டபோது அகலமான, படுக்கை வாட்டில் இருக்கும் நாலு சிலிண்டர் இன்ஜினை மனதில் வைத்து இடம் விட்டார்கள். அந்த இன்ஜின் வரவே இல்லை, ஆனால் இடம் அப்படியே இருந்துவிட்டது, அதனால் பிறகு வந்த ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கை விட்டு வேலை பார்க்கலாம். ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இந்தக் காடி பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிட்டில் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள், கூட்டமாகத் தெரியட்டும் என்று இன்ஜினைப் பெரிதாக்கவில்லை. காடியைப் புரிந்துகொண்ட ஒருவர் செய்த வேலை அது. அடிப்பக்கம் முன் சக்கரத்துக்கான டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கும் தனித்தனித் துண்டுகள். டாஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் நடுவில் இருக்கிறது, நமக்கு வேண்டிய வலது கைப் பக்க ஸ்டியரிங்கும் உண்டு.

ஒட்டும் வேலையில் சிரமம் இல்லை. கண்ணாடித் துண்டுகள் மட்டும் தடிமன்.

டெக்கல் தாளில் (ஒட்டும் எழுத்து, படத் தாளில்) இங்கிலாந்து நம்பர்தான் இருக்கிறது. கறுப்புத் தட்டில் வெள்ளை எழுத்து என்பது நமக்கும் பொருந்துவதால், எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டிச் சேர்த்துப் எங்கள் பேராக் மாநிலத்துக் காடிக்கு உரிய ‘ஏ’வில் தொடங்கும் நம்பரை நாமே செய்துகொள்ளலாம். அதில் ‘ஏ’ ஒரே ஒரு தடவைதான் வருகிறது, முன்னும் பின்னும் போட இரண்டு வேண்டும், அதனால் நண்பர் யாராவது இதே கிட்டை வாங்கினால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து முன் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், என் பெட்டியில் அது பாடித் துண்டோடு ஒரே பையில் உரசிக்கொண்டு கிடந்தது.