சும்மா நிற்கும் காருக்கு எது நல்லது: வாராவாரம் ஸ்டார்ட்டா, மாதம் இரண்டு ஓட்டமா, முழு ஓய்வா?

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே, போர்ட்டிகோவில் கவர் போட்ட ஒரு பெட்ரோல் கார். எப்போதாவது ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி. வருஷத்துக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத இப்படிப்பட்ட வண்டிகள் சென்னையில் தெருவுக்கு நாலு இருக்கும். இவற்றின் இன்ஜினை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டால் மூன்று பதில் வரும். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள் என்பார் ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்பார் இன்னொருவர். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கிடக்க விடுங்கள் என்பார் மூன்றாமவர். பெரும்பாலான வீடுகளில் நடப்பது முதலாவது. மூன்றில் இன்ஜினுக்கு அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான் என்பது என் கட்சி.

அந்தப் பத்து நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது? பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட், சுழலும்போது தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. இன்ஜின் நின்றால் அந்தப் படலம் நசுங்கி உலோகம் உலோகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்து ஆயில் பிரஷர் ஏறும் வரை உள்ள சில கணங்களில், ஆயிலில் கலந்திருக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகத்தின் மேல் ஏற்கெனவே படிய வைத்த பூச்சுதான் தேய்மானத்தைத் தடுக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் ஆயில் முழுக்க வடிந்து இன்ஜின் காய்ந்துபோகும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவ்வளவு மோசமில்லை. மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்குவது உண்மைதான். ஆனால் பாகங்களின் மேல் ஒரு மென்படலம் பல வாரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பல கார்களில் ஆயில் ஃபில்டர் காலியாகாமல் தடுக்க ஒரு வால்வும் உண்டு. ஆக, ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் தேய்மானம் கொஞ்சம்தான். வாராவாரம் ஸ்டார்ட் செய்பவர் அந்தக் கொஞ்சத்தை வருஷத்தில் 52 முறை வாங்கிக்கொள்கிறார், கிலோமீட்டர் ஒன்றுகூட ஓடாமல்.

அதைவிடப் பெரிய வில்லன் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சூடான இன்ஜினில் அது சைலன்சர் வழியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே நீராகித் தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோலும் இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகவே பெட்ரோல் ஊட்டுகிறது. ஆயில் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் அந்தச் சூடு வராது. டேஷ்போர்டில் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று திருப்தி அடைய வேண்டாம். அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. ஆயில் அதற்குப் பல நிமிடங்கள் பின்தங்கியே வரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மோர் திரிந்ததுபோல வெளிறிய குழம்பு படிந்திருந்தால், பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். மூடியைத் துடைத்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ கூலன்ட் ஆயிலில் கலக்காமல் அடைக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

குளிர்ந்த சிலிண்டரில் உராய்வைவிட அரிப்புதான் அதிகம் தின்கிறது என்பதை 1930-களிலேயே பிரிட்டனில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அன்றைய பெட்ரோலில் கந்தகம் அதிகம். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் இன்றைய பெட்ரோலில் அது பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான், அதனால் அரிப்பும் குறைவு. தண்ணீர் மட்டும் குறையவில்லை. சிறு விமானங்களுக்கு இன்ஜின் செய்யும் அமெரிக்க நிறுவனமான லைகமிங், இன்ஜினைத் தரையிலேயே சற்று நேரம் ஓடவிட்டு அணைப்பது பறப்பதற்கு மாற்றாகாது என்றே தன் குறிப்பில் எழுதியிருக்கிறது. 30 நாளுக்குள் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆயில் உரிய சூட்டில் இருக்கும்படி தொடர்ந்து பறக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சரி, பேட்டரிக்காகவாவது வாராந்திர ஸ்டார்ட் உதவுமா? ஸ்டார்ட்டர் இழுத்ததைப் பத்து நிமிடத்தில் ஈடுகட்டிவிடலாம். வாரம் முழுக்க அலாரமும் சென்ட்ரல் லாக்கும் உறிஞ்சியதை ஈடுகட்ட அது போதாது. அதற்கு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைப்பதே மேல்.

இரண்டாவது வழி, ஓட்டுவது. திருவான்மியூர்க்காரர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்பினால் வேலை முடிந்தது. அரை மணிக்குக் குறையாமல், ஐம்பது அறுபது வேகத்தில், நின்று நின்று போகாமல் ஓட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. காய்கறி வாங்க இரண்டு கிலோமீட்டர் போய் வருவதை எத்தனை முறை கூட்டினாலும் இதற்கு ஈடாகாது, அதுவும் முதல் வழியின் தம்பிதான். ஓட்டினால் பிரேக் டிஸ்க்கின் மேல்துரு போகும், டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்காது, ஏசி கம்ப்ரஸரின் சீல் காயாது, கியர் பாக்ஸ் ஆயிலும் ஒரு சுற்றுச் சுற்றும். சிக்கல், ஓட்ட ஆள் வேண்டும். எழுபதைத் தாண்டிய அப்பாவை இதற்காக நெடுஞ்சாலைக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது. மாதம் இரண்டு தடவை ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு, அம்மாவையும் அப்பாவையும் பின்சீட்டில் ஏற்றி எங்காவது கோயிலுக்கு அனுப்புங்கள். காருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

மூன்று மாதத்துக்கு மேல் வீடே பூட்டியிருக்கும் என்றால் மூன்றாவது வழிதான். ஆனால் 'அப்படியே விடுவது' வேறு, தயார் செய்து விடுவது வேறு. ஆயிலைத் திரும்பி வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போவதற்கு முன் மாற்றுவதே சரி. பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பேரிங்கோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டாம். புது ஆயில் ஊற்றியபின் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், எனவே டேங்க்கில் காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பி வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு விட்டுப்போனால் பிரேக் ஒட்டிக்கொண்டு விடுபடாது, போடாதீர்கள். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எலிக்கு மருந்து உங்கள் சாமர்த்தியம்.

இந்த வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இன்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அது வழியே கடற்கரை ஊரின் உப்பு ஈரம் உள்ளே போய்ச் சிலிண்டர் சுவரில் மெல்லத் துரு கட்டலாம். மூடிய இடத்தில் சில மாதங்களுக்கு இது கவலைப்பட வேண்டிய அளவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் தெளித்து வைக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

அடுத்து எந்த ஆயில் என்ற சண்டை. 'நிற்கிற வண்டிக்குத் திக்கான ஆயில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்' என்று 20டபிள்யூ-50 என்ற கெட்டி ரகத்தை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. நம்மூர்க் காலைச் சூட்டில் அது, புதிய கார்கள் கேட்கும் மெல்லிய ரகமான 0டபிள்யூ-20 ஆயிலைவிட மூன்று மடங்குக்கு மேல் கெட்டி. இப்போதைய இன்ஜின்களின் மெல்லிய ஆயில் பாதைகளில் அது ஊர்ந்து போய்ச் சேரும்வரை, மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் காத்திருக்க வேண்டும். மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். ஆலையில் செயற்கையாகச் செய்த சிந்தெடிக்கா, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த சாதாரண மினரலா என்பதில் நான் கொஞ்சம் கஞ்சன். சிந்தெடிக்கின் பெரிய லாபம் நீண்ட ஓட்டத்திலும் கடும் சூட்டிலும்தான். அது இரண்டும் இந்த வண்டிக்கு இல்லை. புதிய கார் 0டபிள்யூ-20 கேட்டால் அது சிந்தெடிக்காகத்தான் வரும், பேச்சில்லை. மினரல் ஆயிலை அனுமதிக்கும் பழைய கார் என்றால், மூன்று வருஷம் கிடக்கும் சிந்தெடிக்கைவிட வருஷா வருஷம் மாற்றும் மினரல் நல்லது. 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று நம் ஊர்க் கார்களின் மேனுவல்களில் பரவலாக இருக்கும். இந்த வண்டிகளுக்கு எப்போதும் மாதம்தான் முந்தும்.

டீசல் கார் என்றால் முதல் வழியை யோசிக்கவே வேண்டாம். பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நெடும் ஓட்டத்தின் சூடு வேண்டும். பாதியில் அணைத்தால் அதற்காகத் தெளித்த டீசல் ஆயிலில் கலக்கும், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போகும்.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு அணையட்டும், அரை நிமிடம் விட்டு மெதுவாக நகருங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டால் அப்புறம் அரை மணிக்கு முன் அணைக்காதீர்கள்.