நிலவியல் மேற்படிப்பு: முதுகலையா, நேரடி பிஎச்.டியா?

அமெரிக்காவில் இளங்கலை முடித்த கையோடு பிஎச்.டிக்கு விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலை கேட்பார்கள். ஆக, இந்தக் குழப்பம் அமெரிக்கா பக்கம் போகிறவர்களுக்குத்தான்.

பிஎச்.டியின் பெரிய கவர்ச்சி பணம். பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி. கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளராக உதவித்தொகையும் வரும். ஆனால் ஐந்து ஆண்டு போல ஒரே ஆய்வு வழிகாட்டியோடு ஓட்ட வேண்டும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே அவருக்கு மின்னஞ்சல் எழுதி, புதிய மாணவரை எடுக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். "உங்கள் ஆய்வு பிடித்திருக்கிறது" என்று மொட்டையாக எழுதினால் பதில் வராது. உதாரணமாக, சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்துப் பாறையின் வயதைக் கணிக்கும் குழுவா? அவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்தப் பாறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றாவது கேளுங்கள்.

ஆய்வுக் கேள்வி இன்னும் பிடிபடவில்லை என்றால் என் ஓட்டு முதுகலைக்கே. இரண்டே ஆண்டு. நிலத்தடி நீர், சுரங்கம், நிலச்சரிவு சார்ந்த பல வேலைகளுக்கு அது போதும். (சுத்தியலோடு வெயிலில் மலையேறுவது ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.) ஆய்வேடு எழுதும் படிப்பாகப் பார்த்துச் சேருங்கள், அது இல்லாததற்கு உதவித்தொகை அரிது.

அப்புறம், பிஎச்.டியில் சேர்ந்தபின் மனம் மாறினால், பல துறைகளில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டு.