அடிக்குறிப்புகளோடு இரண்டு ஆண்டுகள்

சட்டக் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சுற்றுச்சூழல் சட்ட ஆய்விதழில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. சேரலாமா என்று ஜூனியர்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடிக்குறிப்பு பார்க்கப் பொறுமை இருக்கிறதா?

எனக்கும் சேரும்போது வேறு கனவுதான். காடு, ஆறு, காலநிலை என்று பக்கம் பக்கமாக எழுதப்போகிறேன் என நினைத்தேன். முதல் ஆண்டு முழுக்க ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு கட்டுரையில் முப்பது, நாற்பது அடிக்குறிப்புகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூல ஆவணத்தைத் தேடியெடுத்து, சொன்ன விஷயம் அங்கே இருக்கிறதா, பக்க எண் சரியா, மேற்கோள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் காற்புள்ளி, சாய்வெழுத்து.

மூன்றாவது மாதம் என்று ஞாபகம். 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஏற்கப்பட்ட ரியோ பிரகடனத்தின் 15-ஆவது கோட்பாட்டை ஒரு பேராசிரியர் மேற்கோள் காட்டியிருந்தார். முழுமையான அறிவியல் உறுதி இல்லை என்று காரணம் சொல்லி, சூழல் சீர்கேட்டைத் தடுக்கும் நடவடிக்கைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்கிற வாசகம். வகுப்பில் பலமுறை கேட்டதுதானே என்று டிக் அடிக்கப் போனேன். சரி, எதற்கும் பார்ப்போம் என்று பிரகடனத்தைத் திறந்தால், 'நடவடிக்கைகள்' என்பதற்கு முன்னால் 'செலவுக்கேற்ற பலன் தரும்' என்றொரு அடைமொழி இருக்கிறது. கட்டுரையில் அதைக் காணோம்; விட்டதற்கு அடையாளமாக மூன்று புள்ளிகூட இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடலாம். போதாக்குறைக்கு, பிரகடனம் சொல்வது முன்னெச்சரிக்கை 'அணுகுமுறை'. கட்டுரை நெடுக முன்னெச்சரிக்கைக் 'கோட்பாடு'. கூச்சத்தோடு குறிப்பு எழுதி அனுப்பினேன். அவர் அந்தப் பத்தியையே மாற்றி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு இந்த வேலை எனக்கு அலுக்கவில்லை.

மாணவர் இதழை யார் படிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மரங்களும் நீதிமன்றம் ஏறலாமா என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் 1972-இல் ஒரு கட்டுரையில் கேட்டது, மாணவர்கள் நடத்தும் ஒரு சட்ட இதழில்தான். அதே ஆண்டு, சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த சியரா கிளப் எதிர் மார்ட்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் அந்தக் கட்டுரையைச் சுட்டினார். (வழக்கில் சியரா கிளப் தோற்றது, அது வேறு விஷயம்.) ஸ்டோன் கட்டுரையின் அடிக்குறிப்புகளையும் யாரோ ஒரு மாணவர் கண்விழித்துப் பார்த்திருப்பார்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் கட்டுரைத் தேர்வுக் குழுவுக்கு வந்தேன். நிலத்தடி நீரோட்டம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதிலிருந்த கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எங்களில் ஒருவரும் இல்லை. வேறு துறை ஆசிரியரைத் தேடிப் போனோம். எழுதியவர் பெயர் பெரியதாக இருந்தால் கை தானாக 'சரி' போட்டுவிடுகிறது, இதை நான் மறுக்க மாட்டேன். இதழ் அச்சுக்குப் போகும் வாரமும் தேர்வு வாரமும் எப்படியோ ஒன்றாகவே வந்து நிற்கும். பயோடேட்டாவுக்காக மட்டும் என்றால் கல்லூரியின் பொதுச் சட்ட இதழுக்கே போங்கள், அதற்குத்தான் மவுசு அதிகம்.

என் கட்டுரை முதல் தடவை திரும்பி வந்தது, இரண்டாம் தடவை அச்சானது. அதில் இரண்டு பக்க எண்கள் தவறு என்று ஒரு ஜூனியர் பிடித்தார்.

இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் 'ஐ.நா. சொல்லிவிட்டது' என்று ஏதாவது வந்தால், எந்த ஆவணம், எந்தப் பத்தி என்று கேட்டு நண்பர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.